கல்யாண கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி: ஃபீல்டு முதல் பிட்ரேட் வரை

பழைய விஎச்எஸ் கேசட்டைக் கொடுத்து மாற்றித் தரச் சொன்னால், பல இடங்களில் ஒரே ஓர் எம்பி4 கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். டிவியில் போட்டுப் பார்த்தால் ஆட்கள் நகரும்போதெல்லாம் உடம்பின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். முகங்கள் அகலமாக உப்பியிருக்கும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தவில்காரரின் கை ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போகும். இந்த மூன்றுக்கும் கேசட் காரணமில்லை. மாற்றியபோது ஏதோ ஓர் அமைப்பைத் தவறாக வைத்ததால் வந்தவை. எந்த அமைப்பு எதைச் செய்கிறது என்று தெரிந்துவிட்டால் மூன்றையும் தவிர்க்கலாம்.

முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒரு கேசட்டுக்கு இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று, கேசட்டிலிருந்து வந்ததை அப்படியே, எதையும் இழக்காமல் பிடித்துவைக்கும் மூலக் கோப்பு. இன்னொன்று, அதிலிருந்து எடுத்து டிவியிலும் போனிலும் பார்ப்பதற்கான சிறிய கோப்பு. சரிசெய்வது, வெட்டுவது, சுருக்குவது எல்லாமே இரண்டாவதில்தான். பிழை நேர்ந்தால் மூலத்திலிருந்து மறுபடி செய்யலாம். கேசட்டை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது தேய்கிறது என்பதால், மறுபடி கேசட்டுக்குப் போகும் நிலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

கேசட்டில் இருப்பது என்ன

இந்தியாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒளிபரப்பு ‘பால்’ முறையில் இருந்தது. கேசட்டுகளும் அப்படியே. மொத்தம் 625 கோடுகள், அவற்றில் படம் இருப்பது 576 கோடுகளில். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம். கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் அனுப்பிய கேசட் என்றால் பெரும்பாலும் என்டிஎஸ்சி முறையில் இருக்கும்: 525 கோடுகள், படம் 480 கோடுகளில், நொடிக்கு 29.97 ஃபிரேம். பால் மட்டும் தெரிந்த டெக்கில் (கேசட்டை ஓட்டும் விசிஆர்) என்டிஎஸ்சி கேசட்டைப் போட்டால் படம் உருளும், அல்லது நிறமில்லாமல் வரும். அதற்குப் பல முறைகளையும் படிக்கும் டெக் வேண்டும். கேசட்டிலிருந்து வருவதைக் கணினியில் பதிவு செய்யும் கேப்சர் மென்பொருளிலும் முறையை மாற்றிவைக்க வேண்டும்.

அந்த 25 ஃபிரேமும் முழுப் படங்களாகப் பதிவாகவில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகள். ஒன்றில் 1, 3, 5 என ஒற்றைப்படைக் கோடுகள், மற்றதில் 2, 4, 6 என இரட்டைப்படைக் கோடுகள். ஒரு பாதிக்குப் பெயர் ஃபீல்டு. இப்படிப் பின்னிவைத்த வீடியோ இன்டர்லேஸ் வீடியோ. இங்கே பலர் கவனிக்காமல் விடுவது, இரண்டு ஃபீல்டுகளும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதுதான். இரண்டுக்கும் இடையே நொடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளி உண்டு. ஆக, கேமரா உண்மையில் நொடிக்கு 50 தடவை அசைவைப் பார்த்திருக்கிறது. இரண்டு ஃபீல்டுகளையும் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகக் கணினித் திரையில் காட்டினால், அதற்குள் நகர்ந்துவிட்ட கை இரண்டு இடத்தில் தெரியும். அந்தச் சீப்புக் கோடுகள் இதனால்தான் வருகின்றன. பழைய குழாய் டிவி ஃபீல்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியதால் அங்கே இந்தச் சிக்கல் இருந்ததில்லை.

ஓட்டும் முன்

கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்பவரிடம் தனியே கொடுக்க வேண்டும். டேப் அறுந்திருந்தால் சாதாரண செல்லோ டேப் போட்டு ஒட்டக் கூடாது. அதன் பசை கசிந்து ஹெட்டில் படியும். இதற்கென உள்ள ஸ்பிளைசிங் டேப்பையே பயன்படுத்துங்கள்.

நல்ல கேசட்டை ஒருமுறை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசி வரை ஓடவிட்டு, மறுபடி முழுதும் ரீவைண்ட் செய்யுங்கள். பல வருடம் அசையாமல் இருந்த சுருள் ஒரே இறுக்கத்துக்கு வரும். ஹெட் அழுக்கென்றால் படத்தில் பனி விழுவது போலப் புள்ளிகள் தெரியும். நார் உதிரும் துணி, காது குடையும் பஞ்சு எல்லாம் வேண்டாம். மென்தோல் துண்டில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்து, ஹெட் பொருத்தியுள்ள சுழலும் உருளையான டிரம்மின் மேல் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மேலிருந்து கையால் சுற்றுங்கள். மென்தோலை மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். உடைந்த ஹெட்டுக்கு மாற்று இன்று கிடைப்பது அரிது.

இணைப்பு

டெக்கின் பின்னால் மஞ்சள் பின் வீடியோவுக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. மஞ்சளில் வருவது காம்போசிட் சிக்னல். வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். டெக்கில் எஸ்-வீடியோ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுவரும், புடவை பார்டரில் ஊர்ந்து போகும் புள்ளிகள் குறையும்.

விலை மலிவென்று ஏவி சிக்னலை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை வாங்கி நடுவில் வைப்பவர்கள் உண்டு. இதை வேண்டாம் என்றே சொல்வோம். பல பெட்டிகள் ஃபீல்டுகளைத் தாங்களாகவே மட்டமாகச் சேர்த்துவிடும், 4:3 படத்தை 16:9-க்கு இழுக்கும், நொடிக்கு 50-ஐ 60 ஆக்கி அசைவைத் தத்தித் தத்திப் போகச் செய்யும். அப்படி ஒருமுறை கலந்துவிட்டதைப் பிறகு பிரிக்கவே முடியாது. யுஎஸ்பி கேப்சர் கருவியை வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: 720×576 அளவில், இன்டர்லேஸ் நிலையிலேயே, 4:2:2 நிறத்தில் (இதன் பொருள் கீழே வரும்) சுருக்காமல் தருமா?

கேசட்டின் சிக்னல் ஆடிக்கொண்டே வரும். ஒவ்வொரு கோடும் சற்று முன்னே பின்னே தொடங்குவதால் கதவு நிலை, மண்டபத் தூண் போன்ற நேர்கோடுகள் நெளியும். டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி, இதைச் சரிசெய்யும். சில உயர்ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகளில் உள்ளேயே இருக்கும். இல்லாதவர்கள் பழைய டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்துச் சிக்னலை வெறுமனே அதன் வழியாக அனுப்புவார்கள். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 இந்த வேலைக்குப் பேர்போனது. அதில் டிஸ்க் போட வேண்டியதில்லை, டிரைவ் பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை.

கேப்சர் செய்யும்போது

விண்டோஸில் விர்ச்சுவல்டப் மென்பொருள் இதற்குப் போதும். வைக்க வேண்டிய அளவு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். டிவிக்கான ஸ்டூடியோத் தரமான பிடி.601 ஒவ்வொரு கோட்டையும் 720 புள்ளிகளாக எடுக்கச் சொல்கிறது. விஎச்எஸ் கேசட்டில் உண்மையில் கிடைக்கும் பக்கவாட்டு விவரம் ஏறத்தாழ 240 கோடுகள்தான். ஆனாலும் 720-ஐக் குறைக்காதீர்கள், செங்குத்தில் 576-ஐத் தொடவே கூடாது. 288 என்று வைத்தால் ஒரு ஃபீல்டு முழுவதும் போய்விடும்.

அடுத்து 4:2:2. வீடியோவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவு ஒன்று, நிற வேறுபாட்டு அளவுகள் இரண்டு. வெளிச்சத்தில் உள்ள நுணுக்கத்தைக் கண் கூர்ந்து பார்க்கும், நிறத்தில் அவ்வளவு பார்க்காது. அதனால் நிறத்தைக் குறைத்துச் சேமிப்பார்கள். 4:4:4 என்றால் எதுவும் குறைக்கவில்லை. 4:2:2 என்றால் பக்கவாட்டில் பாதி. 4:2:0 என்றால் பக்கவாட்டிலும் செங்குத்திலும் பாதி. மூலக் கோப்புக்கு 4:2:2, பார்க்கும் கோப்புக்கு 4:2:0. இன்டர்லேஸ் வீடியோவை 4:2:0 ஆக்கும்போது இரண்டு ஃபீல்டுகளின் நிறமும் ஒன்றோடொன்று குழம்ப வாய்ப்புண்டு. சிவப்புப் பட்டின் ஓரம் பல்பல்லாகத் தெரிவது அதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். 8 பிட் 4:2:2-இல் ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 2 பைட். 720 × 576 × 2 × 25 என்று பெருக்கினால் நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. இதைத் தரம் துளியும் குறையாமல் சுருக்க ஹஃப்ஒய்யுவி, லகாரித், எஃப்எஃப்வி1 ஆகிய லாஸ்லெஸ் கோடெக்குகள் இருக்கின்றன. விஎச்எஸ் படத்தில் உள்ள இரைச்சலோடு, அதாவது பனிப்புள்ளிகளோடு, மணிக்கு 25 முதல் 40 ஜிபி வரை வரும். ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் ஆக, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் எடுத்தால் மணிக்கு 0.7 ஜிபி மட்டுமே கூடும். அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

வெளிச்ச அளவை நேரம் எடுத்துச் சரிபாருங்கள். 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை 256 படிகள். ஆனால் வீடியோவில் கறுப்பு 16-இல் தொடங்கி, வெள்ளை 235-இல் முடிய வேண்டும். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் தலைக்கு மேல் ஹாலஜன் விளக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்ததால் மாப்பிள்ளையின் வேட்டி, மணப்பெண் தலையில் மல்லிகை எல்லாம் உச்சத்தைத் தொடும். கேசட்டில் மிக வெளிச்சமான இடத்தை ஓடவிட்டு, வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மென்பொருளில் பார்த்தபடி கேப்சர் கருவியின் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் குறையுங்கள். வேட்டி மடிப்பு கேசட்டில் இருந்தும் கோப்பில் காணாமல் போனால், அது கேப்சரில் வெட்டுப்பட்டது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. சற்று மங்கலாக எடுத்துவிட்டால் பின்னால் சரிசெய்துகொள்ளலாம்.

ஓடும்போது திரையில் தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. 25 ஃபிரேம் தவறினால் படமும் ஒலியும் முழுசாக ஒரு நொடி விலகும். தவிலும் கையும் பிரிந்து போவது இப்படித்தான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பென் டிரைவில் நேரடியாக எழுதுவது, யுஎஸ்பி ஹப் வழியாக இணைப்பது, பின்னால் ஓடும் வைரஸ் ஸ்கேன், லேப்டாப்பின் மின்சேமிப்பு அமைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவை எதுவும் இல்லாமலும் தவறினால் சிக்னலே ஆடுகிறது, டிபிசி தேவை.

டேப்பில் பதிந்த தடத்தோடு ஹெட்டைப் பொருத்தும் டிராக்கிங்கைத் தொடக்கத்திலேயே சரிசெய்துவிடுங்கள். படத்தின் அடியில் 8 முதல் 12 கோடுகள் எப்போதும் கிழிந்தபடி இருக்கும். அது ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம், டிராக்கிங்கால் போகாது. அதை இப்போது விட்டுவிடலாம்.

மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட் என்றால் இதில் பாதிக்கு மேல் தேவையே இல்லை. அதில் இருப்பதே டிஜிட்டல் தகவல், வீடியோ மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் கம்பியில் இணைத்தால் அது அப்படியே நகலாகும், ஒலியோடு மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி. மினிடிவி கேமராவை மஞ்சள் பின் வழியாகக் கேப்சர் செய்வது இருக்கும் தரத்தை வீணாக்குவது.

கண்டெய்னரும் கோடெக்கும்

கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் கண்டெய்னர்கள், படத்தையும் ஒலியையும் சேர்த்துவைக்கும் பெட்டிகள். உள்ளே படமும் ஒலியும் எப்படிச் சுருக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்வது கோடெக்: எச்.264, எச்.265, எம்பெக்-2, ஏஏசி போன்றவை. ‘எம்பி4 தான், ஆனால் டிவியில் ஓடவில்லை’ என்பதற்கு விடை பெரும்பாலும் உள்ளே இருக்கும் கோடெக்கில்தான். கண்டெய்னரை மட்டும் மாற்றினால் தரம் குறையாது, சில நொடிகளில் முடியும். கோடெக்கை மாற்றினால் மறுபடி சுருக்க வேண்டும், தரம் குறையும்.

ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் பதிவு செய்பவர்கள் எம்கேவி-யைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். இரண்டு மணி நேரம் ஓடி முடியும் நேரத்தில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காது. எம்கேவி-யில் அதுவரை பதிவானது மிஞ்சும்.

பார்க்கும் கோப்பைத் தயாரித்தல்

இதற்கு ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருள் போதும். வரிசை முக்கியம்: முதலில் ஃபீல்டுகளைப் பிரிப்பது, அடுத்து ஓரம் வெட்டுவது, கடைசியில் அளவு மாற்றுவது. பிரிக்காமல் உயரத்தை மாற்றினால் இரண்டு ஃபீல்டுகளின் கோடுகளும் கலந்து, சீப்புக் கோடுகள் நிரந்தரமாகிவிடும்.

பிரிப்பதற்கான வேலை டீஇன்டர்லேஸ். ஃபில்டர் பகுதியில் பிடபிள்யூடிஐஎஃப்-ஐ (Bwdif) தேர்ந்தெடுத்து, ‘பாப்’ வகையை வையுங்கள். அது ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக்கி நொடிக்கு 50 தரும். ஃபிரேம் ரேட்டையும் 50 என்றே குறிப்பிடுங்கள், இல்லையென்றால் மீண்டும் 25-க்கு இறங்கிவிடலாம். 25 போதாதா என்று கேட்பார்கள். ஓடும், ஆனால் கேமரா பார்த்த அசைவில் பாதியைத் தூக்கி எறிகிறீர்கள். ஊர்வலமும் நடனமும் உள்ள கேசட்டில் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

எந்த ஃபீல்டு முதலில் என்பதும் சரியாக இருக்க வேண்டும். விஎச்எஸ்-இலிருந்து எடுத்த பால் கேப்சரில் வழக்கமாக மேல் ஃபீல்டு முதலில், மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில். பாப் செய்த கோப்பை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். நடந்து வருபவர் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் வரிசை தலைகீழ்.

அளவுக்கு வருவோம். 720×576 என்பதை வகுத்தால் 5:4, ஆனால் படம் 4:3. காரணம், இந்தப் பிக்சல்கள் சதுரமல்ல. பக்கத்துக்கு 8 பிக்சல் வெட்டினால் 704×576 ஆகும். அதை 768×576 ஆக்கினால் சதுரப் பிக்சலில் சரியான 4:3 கிடைக்கும். அடியில் கிழிந்த கோடுகளை வெட்டினால் அகலத்தையும் அதே விகிதத்தில் வெட்டுங்கள். அகலத் திரையில் இருபக்கமும் கறுப்பாக இருக்குமே என்று 16:9-க்கு இழுக்காதீர்கள். தாத்தாவின் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும்.

வீடியோ கோடெக் எச்.264. தர அளவான சிஆர்எஃப் 18-இல் தொடங்குங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். நொடிக்கு எத்தனை பிட் என்பதே பிட்ரேட். சிஆர்எஃப் முறையில் காட்சிக்கு ஏற்ப அது தானாக ஏறி இறங்கும், விஎச்எஸ்-க்கு வழக்கமாக 4 முதல் 8 மெகாபிட் வரும். 5 மெகாபிட்டில் 2 மணி நேரம் என்றால் 7200 × 5 ÷ 8, அதாவது 4500 மெகாபைட். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், டிவி அதைப் படிக்காவிட்டால் கோப்பை இரண்டாக வெட்டுங்கள். பிட்ரேட் எதிர்பாராமல் எகிறினால் இரைச்சல்தான் காரணம். பனிப்புள்ளியையும் விவரம் என்றே கோடெக் நினைத்துச் சேமிக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் டீநாய்ஸை லேசாகச் செய்யலாம். அதிகமானால் முகங்கள் மெழுகு பூசியது போலாகும்.

கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் நேரடியாகச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூலம் 4:2:2 என்பதால் நீங்கள் சொல்லாவிட்டால் வெளிவரும் எச்.264-உம் 4:2:2 ஆகவே இருக்கும். கணினியில் நன்றாக ஓடும், டிவியில் ஒலி மட்டும் கேட்டுப் படம் வராது. 4:2:0 என்று குறிப்பிட வேண்டும்.

யூடியூபில் ஏற்றுவதானால் தனியே ஒரு நகலை 1440×1080 ஆக்குங்கள். விவரம் கூடாது. ஆனால் 720-க்குக் கீழே உள்ள உயரத்தில் யூடியூப் 50 ஃபிரேமைப் பாதியாக்கிவிடும்.

வீடியோவிலிருந்து போட்டோ

இறந்துபோன பெரியவர்களின் ஒரே முகம் சில வீடுகளில் இந்தக் கேசட்டில்தான் இருக்கும், அதனால் இதைச் சரியாகச் செய்வது முக்கியம். 768×576 படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 2.56 × 1.92 அங்குலம்தான் தேறும். 4 அங்குல உயரத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 144 புள்ளி. கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கப் போதும், சுவரளவுக்குப் போகாது.

டீஇன்டர்லேஸ் செய்த பிறகே ஃபிரேமை எடுங்கள். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். மணமக்களோடு நின்று போட்டோவுக்குப் பார்த்த இடம் கிடைத்தால் மிக நல்லது, அங்கே சில நொடிகளாவது அசையாமல் இருப்பார்கள். மூலக் கோப்பையே டீஇன்டர்லேஸ் செய்து, அடுத்தடுத்த 16 ஃபிரேம்களை எடுத்து, பட மென்பொருளில் அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்று பொருத்திச் சராசரி காணுங்கள். இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு, முகம் ஒன்றே. அதனால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் கூர்மையில் கண்ணும் பல்லும் வேறொருவருடையதாக மாறிப்போகும். இந்தச் சராசரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கேசட்டில் இருந்ததுதான்.

கடையில் கொடுப்பதானால்

மூலக் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாங்கியதும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். மூலத்தில் 720×576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ், 4:2:2 என்று இருக்க வேண்டும். 1920×1080, 30 அல்லது 60 ஃபிரேம், புரோகிரசிவ் (ஃபீல்டுகளாகப் பிரியாத முழுப் படங்கள்) என்று இருந்தால் நடுவில் எச்டிஎம்ஐ பெட்டி வைத்திருக்கிறார்கள். 352×288 என்றால் விசிடி அளவு, ஒரு ஃபீல்டு இல்லை. இரண்டிலும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டி, பேசுபவரின் உதடும் சத்தமும் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு மூலக் கோப்பை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எம்டி5 எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். கேசட்டை அதன் உறையில், நிற்கும் நிலையில், ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.